நாணயங்களைப் படம்பிடிக்க எந்தக் கமரா?

வன்னியில் என்னிடம் வரலாறு கற்ற மாணவர் ஒருவர் இன்று அதே மாவட்டத்தில் ஆசிரியராகப் பணியாற்றுகின்றார். அவரிடமிருந்து சென்ற ஆண்டு ஒரு மடல் வந்தது. "சேர், எங்கள் பிள்ளைகள் வீடுகளிலிருந்து பழைய நாணயங்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். மாலையில் அவற்றைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். படம்பிடித்து வைக்கலாம் என்று முயன்றோம். எழுத்து ஒன்றுமே தெரியவில்லை. நல்ல கமரா ஒன்று வாங்கப் பணம் சேர்க்கிறோம். எந்தக் கமரா வாங்கலாம்?" என்று அவர் கேட்டிருந்தார்.

இதே கேள்வியை, சென்ற ஆண்டு விழாவில் எமது தமிழ்ப் பாடசாலை வைத்த கண்காட்சி மேசைக்கு முன்னால் நின்று பெற்றோர் சிலரும் என்னிடம் கேட்டனர். தாத்தா தந்த வெள்ளி ரூபாய், அம்மம்மாவின் சுருக்குப் பையில் கிடந்த சதக் காசுகள் எனப் பல வீடுகளில் நாணயங்கள் உள்ளன. அவற்றை நன்கு படம்பிடிக்க எவ்வகைக் கருவிகள் வேண்டும், எவற்றுக்குப் பணம் செலவிடலாம், எவற்றுக்குச் செலவிட வேண்டியதில்லை என்பதை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படம் எதற்கு?

எனக்கு இவ்விடயத்தில் ஒரு சொந்தக் காரணமும் உண்டு. நான் வன்னியில் கற்பித்த பாடசாலையில் ஒரு பிஸ்கற் தகரப்பேணி இருந்தது. வரலாற்றுக் கண்காட்சிக்காக மாணவர்கள் சேர்த்த நாற்பதுக்கு மேற்பட்ட நாணயங்கள் அதனுள் இருந்தன. ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசுகளும், விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த சதங்களும், அவற்றோடு ஒரேயொரு சேது நாணயமும் இருந்தன. அந்தச் சேது நாணயத்தை ஒரு மாணவனின் பேரனார் கிணறு வெட்டும்போது கண்டெடுத்துப் பாடசாலைக்கென்றே தந்திருந்தார்.

சேது நாணயங்கள் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டவை. 1619இல் போர்த்துக்கேயர் அந்த அரசைக் கைப்பற்றும் வரை ஆண்டது அம்மரபேயாகும். இந்நாணயங்களின் ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவமும், மறு பக்கத்தில் படுத்திருக்கும் எருதும், எருதின் மேலே பிறையும், கீழே "சேது" என்ற தமிழ்ச் சொல்லும் காணப்படும். தமிழில் பெயர் பொறித்து ஓர் அரசு நாணயம் வெளியிட்டது என்பதைப் பிள்ளைகள் தம் கையிலேயே வைத்துப் பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவில் உள்ளது.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பாடசாலை இடம்பெயர்ந்தது. பதிவேடுகளை எடுத்தோம், தகரப்பேணியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சென்றோம். பிறகு அதனை நான் காணவில்லை. மனித உயிர்கள் போன அக்காலத்தில் நாற்பது காசுகளை ஓர் இழப்பாகச் சொல்ல நா எழுவதில்லை. ஆயினும் அவற்றுள் ஒன்றையேனும் நாம் படம்பிடித்து வைக்கவில்லையே என்ற எண்ணம் மட்டும் என்னை விட்டு அகலவில்லை. காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதிகள் சில இருந்தன. அவையும் அதே அலுமாரியிலேயே இருந்தன.

மடல் எழுதிய ஆசிரியர், அந்தச் சேது நாணயத்தைத் தந்த பெரியவரின் பேரனே ஆவார்.

நாணயம் ஏன் படத்துக்கு இலகுவில் அகப்படுவதில்லை?

கருவியைத் தெரிவு செய்யுமுன் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். நாணயத்துக்கு மூன்று இயல்புகள் உண்டு. முதலாவது, அது சிறியது. பழைய செப்புக் காசுகள் பெரும்பாலும் இரண்டு சென்ரி மீற்றர் அளவிலான குறுக்களவு உடையவை. இரண்டாவது, அது உலோகம். ஆகவே, கண்ணாடியைப் போன்று சுற்றியுள்ளவற்றைத் தன்னில் காட்டும். மூன்றாவது, அதிலுள்ள உருவமும் எழுத்தும் மையால் எழுதப்பட்டவை அல்ல. ஒரே நிற உலோகத்தில் சிறிதளவு மேலெழுந்த மேடுகளே அவை. மேட்டின் ஒரு புறம் வெளிச்சமும் மறு புறம் நிழலும் விழுந்தால் மட்டுமே எழுத்தென்று ஒன்று இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

இந்த மூன்றாவது இயல்பே முதன்மையானது. கமராவிலுள்ள பிளாஷ் விளக்கு நாணயத்துக்கு நேரே முன்னாலிருந்து ஒளியைப் பாய்ச்சுகிறது. நிழல் முழுவதும் அழிந்து, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் எஞ்சுகிறது. எவ்வளவு விலையுயர்ந்த கமராவானாலும் இதில் மாற்றமில்லை.

இவ்விடர்ப்பாடு புதியதன்று. முற்காலத்தில் அருங்காட்சியகங்கள் நாணயப் பட்டியல்களை அச்சிட்டபோது, நாணயத்தை நேரே படம்பிடிக்காமல், சாந்தில் அதன் அச்சை வார்த்து, பளபளப்பற்ற அவ்வெள்ளை வார்ப்பையே படம்பிடிப்பது வழக்கமாயிருந்தது. உலோகத்தின் மினுக்கத்தைத் தவிர்ப்பதற்கு அவர்கள் கண்ட வழி அதுவே. நமக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை.

முதலில் விளக்கு

ஆகவே நான் எழுதிய மறுமொழியின் முதல் வரி, "தம்பி, கமராவை விடுங்கள்; முதலில் ஒரு மேசை விளக்கை வாங்குங்கள்" என்பதாகும்.

கழுத்தை வளைக்கக்கூடிய எல்.ஈ.டி. மேசை விளக்குகள் இரண்டு போதுமானவை. வாங்கும்போது இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இரண்டும் ஒரே வகையாக இருத்தல். ஒன்று மஞ்சளாகவும் மற்றது நீலமாகவும் ஒளிர்ந்தால் செம்பு எது, பித்தளை எது என்று படத்தில் பிரித்தறிய முடியாது. இதே காரணத்தால் யன்னல் வெளிச்சத்தையும் விளக்கு வெளிச்சத்தையும் கலக்கக்கூடாது. மற்றது, பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று குறிக்கப்பட்டிருக்கும் எண் 90 அல்லது அதற்கு மேல் இருத்தல். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் விளக்கு என்பதை அந்த எண் கூறுகிறது.

விளக்கை எங்கே வைப்பது என்பது நாணயத்தைப் பொறுத்தது. நாணயத்தை ஒரு மணிக்கூட்டின் முகமாக எண்ணிக்கொள்க. ஓரளவு தெளிவான, பளபளப்புள்ள வெள்ளி நாணயத்துக்கு, பத்து மணிப் பக்கத்தில் ஒன்றும் இரண்டு மணிப் பக்கத்தில் ஒன்றுமாக விளக்குகளைச் சற்று உயரத்தில் வைத்து, முன்னால் மெல்லிய வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டால் ஒளி மென்மையாகப் பரவும். தாள் விளக்கைத் தொடாதிருக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேய்ந்த செப்புக் காசுக்கு இம்முறை உதவாது. அதற்கு ஒரு விளக்கை அணைத்துவிட்டு, மற்றதை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒளி தவழ்ந்து வருமாறு வைக்க வேண்டும். மாலை வெயிலில் வயல் வரம்புகள் எவ்வாறு நீண்ட நிழலோடு துலக்கமாகத் தெரிகின்றனவோ, அவ்வாறே தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே வரம்பு கண்ணுக்குத் தட்டுப்படாது.

ஒரு திசையிலிருந்து தெரியாத எழுத்து வேறொரு திசையிலிருந்து தெரியும். எனவே, நாணயத்தையும் கமராவையும் அசைக்காமல், விளக்கை மட்டும் எட்டுத் திசைகளுக்கும் நகர்த்தி எட்டுப் படங்கள் எடுப்பது நல்ல பழக்கம். இதே கருத்தை 2001இல் ஹியூலெட்-பக்கார்ட் ஆய்வுகூடத்தினர் கணினியின் துணையோடு ஒரு முறையாக வளர்த்தனர். பல திசை ஒளியில் எடுத்த படங்களை ஒன்றிணைத்து, திரையில் ஒளியின் திசையை விரும்பியவாறு திருப்பிப் பார்க்கும் அம்முறை இன்று கல்வெட்டு, நாணய ஆய்வுகளில் பயன்படுகிறது. எட்டுப் படங்களை வரிசையாகப் பார்க்கும் நமது பிள்ளைகளும் செய்வது ஏறக்குறைய அதுவே.

இரண்டாவது, அசையாமை

ஒரு பொருளை உண்மை அளவில் உணரியின்மேல் விழுத்திப் படம்பிடிக்கும்போது, தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லி மீற்றர் மட்டுமே. நாணயத்தின் ஒரு விளிம்பு மற்றதைவிட ஒரு மில்லி மீற்றர் உயர்ந்திருந்தாற்கூட ஒரு பக்கம் மங்கிவிடும். கையில் பிடித்தபடி இதனைச் செய்தல் இயலாது.

கமராவை நேர் கீழ்நோக்கிப் பிடிக்கும் தூண் தாங்கி ஒன்று வேண்டும். புதிதாக வாங்குவோர் வாங்கலாம். ஆயினும், பழைய இருட்டறைகளில் படம் பெருப்பிக்கப் பயன்பட்ட கருவிகள் இன்று பயனின்றிப் பல வீடுகளின் நிலவறைகளில் கிடக்கின்றன. அவற்றின் தலையைக் கழற்றிவிட்டால் எஞ்சும் தூணும் பலகையும் இதற்கென்றே செய்தவை போலப் பொருந்தும். கைத்தொலைபேசியாயின் இரண்டு புத்தக அடுக்குகளின்மேல் ஒரு கண்ணாடித் தட்டை வைத்து, அதன்மேல் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாலே போதும்.

கமரா நாணயத்துக்குச் சமாந்தரமாக உள்ளதா என்று அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. நாணயம் இருக்க வேண்டிய இடத்தில் சிறிய முகக் கண்ணாடி ஒன்றை வைத்துக் கமராவினூடாகப் பார்க்க வேண்டும். வில்லையின் பிம்பம் திரையின் சரி நடுவில் தெரியுமாயின் சமாந்தரம் சரி. பக்கத்துக்கு விலகியிருந்தால் அதற்கேற்பத் திருத்தலாம். பௌதிக பாடத்தில் ஒளித்தெறிப்பு விதியைப் படித்த மாணவர்கள் இதனை மகிழ்ந்து செய்வார்கள்.

விரலால் பொத்தானை அழுத்தும்போதும் கமரா அதிரும். சில வினாடிகள் தாமதித்துப் படமெடுக்கும் வசதி பெரும்பாலான கமராக்களில் உண்டு. அதைப் பயன்படுத்துக.

மூன்றாவது, வில்லை

கமராவை விட வில்லையே நாணயப் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. நாணயத்தை அண்மித்துப் பெரிதாகக் காட்டும் வில்லைகளை மக்ரோ வில்லைகள் என்பர். பொருளின் உண்மை அளவை அப்படியே உணரியில் விழுத்தக்கூடியது ஒன்றுக்கு ஒன்று என்றும், பாதி அளவில் விழுத்துவது ஒன்றுக்கு இரண்டு என்றும் குறிக்கப்படும். நாணயத்துக்குப் பாதி அளவே பெரும்பாலும் போதுமானது. எழுத்தொன்றைத் தனியே ஆராய்வோருக்கே முழு அளவு வேண்டும்.

வில்லையின் குவியத் தூரம் ஏன் முக்கியம்? 50, 60 மில்லி மீற்றர் மக்ரோ வில்லைகள் முழு அளவில் படம்பிடிக்கும்போது நாணயத்தை மிகவும் நெருங்கிவிடுகின்றன. விளக்கின் ஒளி நுழைய இடமின்றி வில்லையின் நிழலே நாணயத்தில் விழும். 90 முதல் 105 மில்லி மீற்றர் வரையான வில்லைகள் அரைச் சாணுக்குச் சற்று அதிகமான இடைவெளியைத் தரும். அந்த இடைவெளியே விளக்கு வைப்பதற்கான இடம். ஆகவே வாங்க வசதியுள்ளோர் 100 மில்லி மீற்றர் அளவிலான ஒன்றைத் தெரிவு செய்வது நன்று.

வசதி குறைந்தோருக்கு இரு வழிகள் உள. ஒன்று, பழைய வில்லை. 1960களில் அறிமுகமான 55 மில்லி மீற்றர் மைக்ரோ-நிக்கோர் போன்ற கையால் குவிக்கும் வில்லைகள், பாதி அளவு வரை நன்கு செயற்படுபவை. கண்ணாடி இல்லாத புதிய வகைக் கமராக்களில் ஓர் இணைப்பு வளையத்தின் உதவியோடு அவற்றைப் பூட்டலாம். நாணயம் ஓடப்போவதில்லை, ஆதலால் தானாகக் குவிக்கும் வசதி இதற்கு அவசியமன்று. மற்றது, நீட்டிப்பு வளையம். உள்ளே கண்ணாடியே இல்லாத வெற்று வளையம் அது. 50 மில்லி மீற்றர் வில்லைக்கும் கமராவுக்கும் இடையே 25 மில்லி மீற்றர் வளையத்தை வைத்தால் பாதி அளவுப் பெருக்கம் கிடைக்கும். 50 மில்லி மீற்றர் வளையத்தை வைத்தால் முழு அளவு கிடைக்கும். கணக்கு அவ்வளவே: வளையத்தின் நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும்.

துவாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆழம் கூடட்டும் என்று எண்ணிப் பலர் துவாரத்தை எஃப்/22 வரை சுருக்கிவிடுகின்றனர். முழு அளவுப் படப்பிடிப்பில் எஃப்/8 என்று வைத்தாலே அது எஃப்/16 போலச் செயற்படுகிறது. மேலும் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து, படம் முழுவதும் மென்மையாகிவிடும். எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை வைப்பதே பொருத்தமானது. ஒளியுணர்திறனை ஐ.எஸ்.ஓ. 100இல் வைக்கலாம். அசையாத தாங்கி இருப்பதால் நேரம் நீண்டாலும் பாதகமில்லை.

கடைசியில், கமரா

இவ்வளவும் கூறிய பின்னர் கமராவைப் பற்றிக் கூறச் சிறிதே எஞ்சியுள்ளது. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பல கமராக்களின் உணரி 15 மில்லி மீற்றர் உயரமுடையது. 24 மெகாபிக்சல் கமராவாயின் அவ்வுயரத்தில் 4,000 படப்புள்ளிகள் உள்ளன. கமராவோடு இலவசம்போல வரும் சாதாரண 18-55 வில்லை, பொருளை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவில் காட்டவல்லது. 20 மில்லி மீற்றர் நாணயம் அதில் 6 மில்லி மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக விழும். அதாவது 1,700 படப்புள்ளிகள் அளவு. 10 சென்ரி மீற்றர் அகலத்தில் நேர்த்தியாக அச்சிட 1,200 படப்புள்ளிகளே போதும். இம்மலரின் பக்கத்தில் அச்சிட அதுவே தாராளம்.

ஆகவே, மாற்று வில்லை பூட்டத்தக்க, பத்து ஆண்டுக்கு முந்திய கமராவும் இப்பணிக்குக் குறைவற்றது. புதிய கமரா உடலில் செலவிடும் பணத்தின் ஒரு பங்கை நல்ல வில்லையில் செலவிடுவோர் கூடுதல் பயன் பெறுவர். வீட்டில் எவரேனும் பயன்படுத்தாது வைத்திருக்கும் கமரா இருப்பின், அதுவே நீங்கள் வாங்க வேண்டிய கமரா.

கைத்தொலைபேசியும் பயன்படும். செய்யக்கூடாதது ஒன்றே: மிக அருகில் கொண்டு செல்லுதல். அருகில் சென்றால் குவியம் தவறும். அல்லது தொலைபேசியின் நிழலே நாணயத்தை மூடிவிடும். ஒரு சாண் உயரத்தில் வைத்து, பிளாஷை அணைத்து, இரட்டிப்புப் பெருக்க வில்லை இருப்பின் அதனைத் தெரிந்து, படத்தைப் பின்னர் ஓரம் வெட்டிக்கொள்ள வேண்டும்.

நாணயத்துக்குச் செய்யக்கூடாதது

படம் அழகாக வரட்டும் என்று புளி, எலுமிச்சை, சாம்பல் முதலியவற்றால் நாணயத்தைத் தேய்க்க வேண்டாம். குத்துவிளக்குக்கு அது பொருந்தும், காசுக்குப் பொருந்தாது. பல நூறாண்டுகளாகப் படிந்த நிறம் நாணயத்தின் வயதைக் காப்பது. எஞ்சியுள்ள மெல்லிய எழுத்தும் தேய்ப்பில் போய்விடலாம். ஓரங்களில் பிடித்துத் தூக்கினால் விரற்குறி படியாது.

படத்தில் நாணயத்தின் அருகே ஓர் அடிமட்டத்தையும் வைத்துப் படம்பிடிக்க வேண்டும். இரு பக்கங்களையும் எடுக்க வேண்டும். நாணயத்தை ஒரு போத்தல் மூடியின்மேல் உயர்த்தி வைத்தால் பின்னணி மங்கி நாணயம் தனித்துத் தெரியும். எடை, குறுக்களவு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எங்கே கிடைத்தது என்பவற்றை அன்றே எழுதிப் படத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். கதை தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதாவிட்டால், படம் இருந்தும் பாதி போனதாகும். படப் பிரதிகளை ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஓர் அலுமாரியை நம்பிய ஆசிரியன் கூறுவது இது.

கடல் கடந்து வந்த படம்

இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருட்களை அனுமதிப்பத்திரம் இன்றி நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லல் ஆகாது. சேது நாணயம் அந்த மண்ணில் இருப்பதே முறையும் ஆகும். ஆனால் அதன் படத்துக்குத் தடையேதும் இல்லை. கனடாவில் பிறந்த நமது பிள்ளைகள் அந்த நாணயத்தைக் காண்பதற்குப் படம் ஒன்றே வழி.

என் மறுமொழி சென்று மூன்று வாரங்களின் பின்னர், அந்த ஆசிரியரிடமிருந்து எட்டுப் படங்கள் வந்தன. கமரா வாங்கச் சேர்த்த பணத்தில் அவர்கள் ஒரு மேசை விளக்கு வாங்கியிருந்தார்கள். மிகுதிக்கு நூலகப் புத்தகங்கள் வாங்கினார்களாம். எடுத்தது அவருடைய பழைய கைத்தொலைபேசியில். நாணயம் ஒரு மாணவியின் வீட்டினர் வைத்திருந்த செப்புக் காசு. வெறும் கறுத்த வட்டம் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்களாம்.

அப்படங்களை எமது ஆறாம் வகுப்பில் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினேன். முதல் நான்கிலும் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவதில் எருதின் முதுகு தெரிந்தது. ஏழாவது படத்தில், இடப்பக்கத்திலிருந்து ஒளி தாழ்ந்து வந்தபோது, தமிழ் வாசிக்கத் தடுமாறும் ஒரு மாணவன் எழுந்து, விரலை நீட்டி, "சே... து" என்றான். வேறெவரும் அதற்கு முன் வாசித்திருக்கவில்லை, நானும் வாசித்திருக்கவில்லை.

"இது எந்த ராசாவின் காசு, சேர்?" என்று அவன் கேட்டான். அரசனின் பெயர் அதில் பொறிக்கப்படவில்லை என்றேன். "அப்ப ஊரின் பெயரை மட்டும் எழுதினவையோ?" என்றான். இராமேசுவரத்துச் சேதுவைக் காப்பவர் என்ற பொருளில் சேதுகாவலர் எனத் தம்மை அழைத்துக்கொண்ட அரசர்களின் வரலாற்றை அன்று ஒரு மணி நேரம் கற்பித்தேன். பாடத்திட்டத்தில் அன்றைக்கு இருந்தது வேற்றுமை உருபு.

அது எமது தகரப்பேணியில் இருந்த நாணயமன்று. அதனை நான் நன்கு அறிவேன். ஆயினும் இதன் படம் இப்பொழுது வன்னியில் ஒரு பாடசாலையிலும், இங்கே ஒரு பாடசாலையிலும், இரண்டு ஆசிரியர்களின் வீடுகளிலும் இருக்கின்றது.

பெற்றோரே, இவ்விடுமுறையில் உங்கள் வீட்டுச் சுருக்குப் பைகளைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளை அருகில் இருத்தி, மேசை விளக்கைத் தாழ்த்தி, ஒரு காசையேனும் படம்பிடியுங்கள். அடுத்த ஆண்டு விழாவின் கண்காட்சி மேசையில் அப்படங்களை வைப்பதற்கு இப்பொழுதே இடம் ஒதுக்கியுள்ளோம்.